வெள்ளவத்தை ஐயாவின் கார் இரண்டு தரம் ஃபெயிலான கதை

1. செவ்வாய்க்கிழமை

பகல் பத்தரை மணி இருக்கும். கொட்டாஞ்சேனையில் எங்கள் கராஜில் ஒரு பாடசாலை வேனின் கியர்பொக்ஸைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தேன். கை முழுக்க கிரீஸ். போன் அடித்தது. முழங்கையால் அமர்த்தி, தோளில் இடுக்கிக்கொண்டு "ஹலோ" என்றேன்.

"தம்பி, கார் ஃபெயிலாம்."

ராசநாயகம் ஐயாவின் குரல். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் மனைவியோடு இருக்கிறார்.

"என்னங்கய்யா சொல்றீங்க? நம்ம காரா?"

"நம்மட கார்தான். புகை கூடவாம். கடதாசியும் தந்திட்டினம்."

கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

வேலை பழக வந்த பிள்ளைகளே, இது ஏன் எனக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன். நம் நாட்டில் ஒவ்வொரு வருஷமும் வாகனத்தைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சைலன்சர் வாய்க்குள் ஒரு குழாயை விடுவார்கள். இஞ்சின் என்ன மூச்சு விடுகிறது என்று மெஷின் கணக்குப் பார்க்கும். பாஸ் என்றால்தான் அடுத்த வருஷம் அந்த வாகனத்தை ரோட்டில் ஓட்ட லைசன்ஸ். ஐயாவின் வெள்ளைக் கார் ஜப்பான் கார், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டர் வைத்த பழைய மொடல், வயது முப்பதுக்கு மேல். அந்தக் காரைப் பதினோரு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். பதினொரு வருஷமும் முதல் தரத்திலேயே பாஸ். ஒரு தரம்கூடத் திருப்பி அனுப்பப்படவில்லை.

பழைய கார் என்றால் ஃபெயில்தான் ஆகும் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மெஷினுக்குக் காரின் வயது தெரியாது. ஒயில் நேரத்துக்கு மாற்றியிருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும், ஸ்பார்க் ப்ளக்கின் நுனி பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும், சைலன்சரில் ஓட்டை இருக்கக் கூடாது, இஞ்சின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் முப்பது வருஷக் கார் பாஸ் ஆகும். இல்லையென்றால் ஐந்து வருஷக் காரும் ஃபெயில் ஆகும். எத்தனையோ தரம் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மற்ற வருஷங்களில் நானே அந்தக் காரைக் கொண்டுபோய் டெஸ்ட் செய்து கடதாசியோடு திருப்பிக் கொடுப்பேன். இந்த முறை வேன் வேலை. அதை நம்பி முப்பது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதனால் ட்யூன் பண்ணிக் கொடுத்துவிட்டு, "ஐயா, நீங்களே போய்ட்டு வந்திருங்க, ஒண்ணும் பிரச்சினை வராது" என்று சொல்லியிருந்தேன்.

லைசன்ஸ் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

2. ஹெந்தளை மெஷின்

ஐயாவின் மனைவி பரமேஸ்வரி அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் பொரளைக்கு டயலிசிஸுக்குப் போக வேண்டும். அவருக்கு வலது முழங்காலும் மடங்காது. திரீவீலரில் ஏற முடியாது. வாடகைக் கார்களில் முன் சீட்டில் கால் நீட்ட இடம் இல்லை. நான் இந்தக் காரின் முன் சீட் நகர்கிற ரெயிலை நீட்டிப் போட்டு, சீட் முழுக்கப் பின்னால் போகும்படி செய்து கொடுத்திருக்கிறேன். அவர் காலை நேராக நீட்டிக்கொண்டு இருக்கலாம். கொழும்பில் அவருக்கு வலிக்காமல் உட்காரக்கூடிய வாகனம் அது ஒன்றுதான்.

கனடாவில் இருக்கிற மகன், கார் இந்த முறை ஃபெயில் என்றால் உடைத்துப் பாகம் பாகமாக விற்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஏற்கனவே சொல்லியிருந்தார். பஞ்சிகாவத்தையிலிருந்து அப்படி ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். கதவுகளைத் தட்டிப் பார்த்தாராம். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை.

"மாட்டைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறான் தம்பி. பல்லைத்தான் இன்னும் பாக்கேல்லை."

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரமே கார் என்னிடம் வந்தது. கடதாசியைப் பார்த்தேன். கார்பன் மொனொக்சைட் அளவு எல்லைக்கு மேலே. அப்படியென்றால் பெட்ரோல் கூடப் போகிறது, முழுக்க எரியவில்லை. காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் வருகிற ஜெட் துளையெல்லாம் ஊதினேன். புது ப்ளக், புது ஃபில்டர் போட்டேன். பிறகு காரை ஓட்டிக்கொண்டு ஹெந்தளைக்குப் போனேன். அங்கே என் நண்பர் ஒருவர் கராஜில் புகை அளக்கிற மெஷின் வைத்திருக்கிறார். குழாயை விட்டுப் பார்த்தோம். எல்லைக்குப் பாதியில் நின்றது.

"இது ஃபெயிலா? யாரு சொன்னா?" என்று நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலையில் ஐயா வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். பகல் ஒரு மணிக்கு அதே குரல்.

"தம்பி, இன்னொரு கடதாசி தந்திருக்கினம்."

3. ஒரு காருக்கு ஒரு ட்யூன்

எங்கள் கராஜுக்கு முன்னால் டயர் கடை வைத்திருக்கும் நிமல் நல்ல மனிதர். தமிழ் கொஞ்சம் உடைத்து உடைத்துப் பேசுவார், அண்ணன் என்பதைச் சிங்களத்தில் 'அய்யே' என்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"அய்யே, ஏன் யோசிக்கிறது? பெட்ரோல் நல்லா கொறச்சு விடுங்க. டெஸ்ட் பாஸ். பொறகு பழையபடி திருப்பி வைங்க. எல்லாரும் செய்ற வேல தானே."

உண்மைதான். நிறையப் பேர் செய்கிறார்கள். டெஸ்டுக்கு ஒரு ட்யூன், ரோட்டுக்கு ஒரு ட்யூன். எங்கள் கராஜில் அது இல்லை. ஒரு காருக்கு ஒரு ட்யூன்தான். நான் பெரிய நல்லவன் என்று காட்டச் சொல்லவில்லை. பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைத்த கார் எந்த நேரத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. பொரளைச் சந்தியில், நாலு பக்கமும் பஸ் நெருக்கும்போது, டயலிசிஸ் முடிந்து களைத்துப்போன ஒரு அம்மாவோடு அந்தக் கார் நின்றுவிட்டால்?

ஆனால் பிள்ளைகளே, அன்று பின்னேரம் ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு ஐயா திரும்பக் கொண்டுவந்து விட்ட அந்தக் காருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கால் சுற்றுத் திருப்பினால் போதும். அக்காவுக்கு அந்தச் சீட் மிஞ்சும். என் பதினொரு வருஷப் பெயரும் மிஞ்சும்.

திருப்பவில்லை. ஹெந்தளையில் பாஸ், டெஸ்ட் நடக்கும் இடத்தில் ஃபெயில். அப்படியென்றால் பிழை காருக்குள் இல்லை, ஹெந்தளைக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று மட்டும் எனக்குப் பட்டது. வேனை முடித்துக் கொடுத்துவிட்டு ஐயாவுக்குப் போன் எடுத்தேன்.

"நாளைக்கு நானும் வர்றேங்கய்யா. நீங்க ஓட்டுங்க. நா பின்னாடி உக்காந்துக்கிறேன்."

4. வியாழக்கிழமை

காலையிலிருந்து மழைத் தூறல். அன்று அக்காவுக்கு டயலிசிஸ் நாள். பகல் ஒரு மணிக்கு பொரளையில் இருக்க வேண்டும். ஆகவே அவரும் முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். மடியில் துவாய், தண்ணீர்ப் போத்தல், ஆஸ்பத்திரிக் கோப்பு.

டெஸ்ட் நடக்கும் இடத்துக்குப் பத்தரை மணிக்குப் போனோம். வருஷக் கடைசிக் கூட்டம். எங்களுக்கு முன்னால் பதினாலு வாகனம். ஐயா வரிசையில் கடைசியாக நிறுத்தி, சாவியைத் திருப்பி இஞ்சினை ஓஃப் பண்ணினார். நானும் ஒன்றும் யோசிக்கவில்லை.

முன்னால் இருந்த கார் நகர்ந்தது. ஐயா கதவைத் திறந்து இறங்கினார். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். எழுபத்து மூன்று வயது. நான் பதறி இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினேன். இருபது அடி. நின்றோம். இன்னொரு வாகனம் போனது. திரும்பவும் தள்ளினோம்.

பக்கத்தில் திரீவீலர்க்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன அங்கிள், டெஸ்டுக்கு ஓடுற காரத்தான் கொண்டு வரணும்! தள்ளுற காருக்குப் புகையே வராதே, அப்பிடியே பாஸ் போடச் சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தள்ளினேன். சில வருஷங்களுக்கு முன் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து எல்லோரும் கியூவில் கிடந்த வருஷத்தில் கொழும்பில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உடம்பில் ஏறியிருந்தது. வரிசை என்றால் இஞ்சினை நிறுத்து, இறங்கு, தள்ளு. ஒரு மணித்தியாலம் அப்படியே தள்ளினேன். நான் மெக்கானிக். எனக்கு உறைக்கவே இல்லை.

எங்களுக்கு முன்னால் ஐந்து வாகனம் இருக்கும்போது இடம் கொஞ்சம் சரிவு. கார் தானாக உருண்டது. முன்னால் ஓடிப்போய் பானட்டில் இரண்டு கையையும் ஊன்றித் தடுத்தேன்.

கை சுடவில்லை.

மழையில் நனைந்த தகரம், கீழே இஞ்சின், வெதுவெதுப்புக்கூட இல்லை.

"ஐயா, முந்தி ரெண்டு தடவையும் இப்படித்தான் தள்ளுனீங்களா?"

"ஓம். எப்பவும் தள்ளுறதுதானே."

இந்தக் காரில் ஓட்டோ சோக் இருக்கிறது. இஞ்சின் ஆறினால் காற்றுக் கதவு தானாகக் கொஞ்சம் மூடும். காற்றுக் குறையும், பெட்ரோல் கூடும். காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு அது வேண்டும். டெஸ்டுக்கு அதுதான் எமன். ஹெந்தளைக்கு நான் ஓட்டிக்கொண்டு போனேன், சூட்டோடு அளந்தேன், பாஸ். இங்கே ஒன்றரை மணித்தியாலம் ஆறவிட்டு, ஆறின இஞ்சினைக் கொண்டுபோய்க் குழாயை விட்டால் எந்தக் காபரேட்டர் கார் பாஸ் ஆகும்?

"ஏங்கய்யா ஓஃப் பண்றீங்க? சூடா இருக்கணுமே!"

ஐயா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம்.

"நீர்தானே தம்பி சொன்னனீர்? கியூவில நிக்கேக்க இஞ்சினை ஓட விடாதேங்கோ, தள்ளிக்கொண்டு போங்கோ எண்டு. அண்டையில இருந்து நான் ஒரு நாளும் மறக்கேல்லை."

சொன்னேன். அந்த வருஷம் எல்லாக் கஸ்டமரிடமும் சொன்னேன். இருக்கிற பெட்ரோலை மிச்சம் பிடிக்க அதுதான் வழி. பிறகு பெட்ரோல் வந்தது. நான் சொன்னதை மறந்துவிட்டேன். இவர் மறக்கவில்லை.

இனி ஒரே வழி, காரை எடுத்து நாலு ஐந்து கிலோமீற்றர் நன்றாக ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வர வேண்டும். ஆனால் வரிசையை விட்டால் திரும்பவும் கடைசி. பின்னால் இருபது வாகனம் சேர்ந்துவிட்டது. ஒரு மணிக்கு பொரளை.

அக்கா கதவைத் திறந்தார்.

"அந்தக் காவலாளியின்ர கதிரையை எடுத்துத் தாரும் தம்பி. நான் இடம் பிடிக்கிறன்."

"பரமு, உமக்கு என்ன விசரே?" என்றார் ஐயா.

"கேஸ் கியூவில சிலிண்டர் வச்சு இடம் பிடிக்கேல்லையோ? நான் சிலிண்டரை விட மோசமே? போங்கோ கெதியா."

காவலாளியிடம் கேட்டு ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கி, கார் நின்ற இடத்திலேயே போட்டு, அக்காவைக் காலை நீட்டி உட்கார வைத்தேன். காவலாளி குடையும் கொடுத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். காலி வீதியில் ஏறி, மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு தெஹிவளை வரை போய்த் திரும்பினேன். ஐயா வழி முழுக்க அக்காவின் ஆஸ்பத்திரிக் கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது வரிசையில் கார், குடை, வேன், வேன். முன்னால் ஒரே ஒரு வாகனம்தான். அக்காவின் கதிரையைத் திரீவீலர்க்காரரும் காவலாளியும் சேர்ந்து, அவர் உட்கார்ந்தபடியே இருக்க, தூக்கித் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"பின்னால நிண்டவன் ஹோர்ன் அடிச்சவன், ஆன்ட்டி வாகனம் எங்கை எண்டு. சூடாகப் போயிருக்கு மகன், வருகுது எண்டன்" என்றார் அக்கா.

இந்த முறை நான் இஞ்சினை நிறுத்தவில்லை. டெஸ்ட் செய்கிற ரிஸ்வான் தம்பி என்னைத் தெரிந்தவர். குழாயை விட்டார். எக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு காலை எடுக்கச் சொன்னார். நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் திரும்பவும் குனிந்து குழாய் கழன்றுவிட்டதா என்று பார்த்தார்.

"அண்ண, என்ன செஞ்சீங்க? நேத்து வந்த அதே கார் தானே இது?"

"ஒண்ணும் செய்யலப்பா. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தோம்."

"எல்லைக்குப் பாதிக்கும் கீழ இரிக்கி. போன வருஷம் புதுசா வந்த கார் சிலதுக்கே இப்பிடி வாற இல்ல."

கடதாசியை ஐயாதான் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பொரளையில் ஆஸ்பத்திரி வாசலில் அக்காவை இறக்கினோம். அடுத்த நாள் லைசன்ஸ் எடுத்தாயிற்று. பஞ்சிகாவத்தை மனிதருக்கு ஐயா தானே போன் எடுத்து, கார் விற்பனைக்கு இல்லை என்று சொன்னார். அதைச் சொல்லும்போது தேவையில்லாமல் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

5. பிறகு நான் செய்தது

அந்தக் கிழமை முடிவதற்குள் என்னிடம் நம்பர் இருக்கிற எல்லாக் கஸ்டமருக்கும் போன் எடுத்தேன். "நான் அப்ப சொன்னத இனி செய்ய வேணாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பாதிப் பேருக்கு நான் சொன்னதே ஞாபகம் இல்லை. சிலர் சிரித்தார்கள். நாலு பேர் மட்டும், "ஐயோ, நான் இன்னமும் தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்கள். நாலு பேரும் கவனமான ஆட்கள். ஒயில் மாற்றச் சொன்னால் அந்த நாளிலேயே வருகிறவர்கள்.

அதில்தான் நான் படித்தது இருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்காத கஸ்டமரால் எங்களுக்கு வரும் பிழைகள் சின்னவை. கேட்கிற கஸ்டமர்தான் எங்கள் பிழையையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார். ஒரு மனிதர் எழுபத்து மூன்று வயதில், மழையில், நான் எப்போதோ சொன்ன ஒரு சொல்லுக்காகக் கார் தள்ளினார். அது எனக்குப் பெருமை. ஆனால் அந்தச் சொல்லுக்குக் காலம் முடிந்தபோது போய்த் திருப்பி வாங்கியிருக்க வேண்டியவன் நான்தான்.