மனைவிக்குக் காப்பாளர்

மூளையில் ரத்தம் கசிந்து என் மனைவி படுத்த படுக்கையானாள். அதன் பிறகு நான் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டேன். ஓரிக்கை வீட்டில் அவளைக் குளிப்பாட்டுவதும், மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுப்பதும், புண் வராமல் புரட்டிவிடுவதும் என் வேலையாயின. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முசரவாக்கத்தில் அவள் அப்பா வழியில் பங்காக வந்த நிலத்தை வைத்தியத்துக்காக விற்கப் பார்த்தேன்.

பத்திர அலுவலகத்தில் முடியாது என்றார்கள். அவள் விரலைப் பிடித்து நான் ரேகை வைக்கக் கூடாதாம். புருஷன் என்பதால் மட்டும் அவள் சொத்தில் எனக்கு உரிமை வந்துவிடாது, கோர்ட் என்னைக் காப்பாளராக நியமிக்க வேண்டும் என்று வக்கீல் விளக்கினார். மனு போட்டோம். அதில் அவளை, சுயமாக முடிவெடுக்க இயலாதவர் என்று எழுதியிருந்தார்கள். நான் சொந்தமாக லாரி வாங்காமல் கடைசிவரை டிரைவராகவே இருந்தது உட்பட எங்கள் வீட்டு முடிவெல்லாம் அவளுடையதுதான்.

கோர்ட் சொன்னபடி ஓர் அரசு டாக்டர் வீட்டுக்கு வந்தார். அன்று அவளுக்குத் தலை வாரி, நல்ல புடவை கட்டிவிட்டேன். அவள் பதில் சொல்லாவிட்டால்தான் மனு கோர்ட்டில் எடுபடும். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

டாக்டர் அவள் பேரைக் கேட்டார். என்னைக் காட்டி யாரென்று கேட்டார். அவள் கூரையையே பார்த்திருந்தாள். காலைப் பார்க்கப் போர்வையை விலக்கியபோது, அவள் இடது கை மெல்ல நகர்ந்து, முழங்காலுக்கு மேல் ஏறியிருந்த புடவையைக் கீழே இழுத்தது.

"சார், பாத்தீங்களா? அவளுக்குத் தெரியுது சார்."

அவர் சிறிது நேரம் காத்திருந்தார். கை மறுபடி அசையவில்லை.

"பாத்தேன்பா. அதையும் எழுதிடறேன். ஆனா நிலத்த விக்கலாமா வேணாமான்னு இவங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது சார்" என்றேன், அவள் எதிரிலேயே. அவர் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, "கோச்சிக்காதமா" என்றேன்.

என்னைக் காப்பாளராக்கி உத்தரவு வந்தது. நிலத்தை விற்று வரும் பணம் அவள் பேரில்தான் இருக்க வேண்டும், அவளுக்காக மட்டுமே செலவழிக்க வேண்டும், கோர்ட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. வேறு மாதிரிப் புருஷன்களும் இருக்கிறார்கள்தானே.

நிலத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டியது. ஒரு மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது. பாலாற்றங்கரையில் எரித்தோம்.

அவளோடு அந்த உத்தரவும் முடிந்தது என்றார் வக்கீல். பிள்ளை இல்லாததால், அவளுக்கு அப்பா வழியில் வந்த நிலம் அவள் தம்பிக்கே திரும்பிப் போகுமாம். நானே முசரவாக்கம் போய் அவள் தம்பியிடம் சொன்னேன்.

"நீங்களே வெச்சிக்கங்க மாமா. எங்க அக்காவ நீங்கதான பாத்துக்கினு இருந்தீங்க."

"வேணாம் மச்சான். இனிமே நான் பாத்துக்க யாரு இருக்குறாங்க?" என்றேன்.