உறைப்பு தெரியுதா?

பேராதனையில் படித்தபோது நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் மெலிந்த மனிதர். எப்போதும் சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பார். புற்றுநோய் மருந்தால் அவர் மனைவிக்கு நாக்கில் ருசி போயிருந்தது. அதனால் தினமும் உறைப்பு மிகுந்த பச்சைக் கொச்சிக்காயை அரிந்து, வெங்காயத்தோடு வதக்கி, சீஸ் போட்டு உருக்கிச் சோற்றோடு கொடுப்பார். சீஸ் தொண்டையில் இலகுவாக இறங்கும், உறைப்பாவது நாக்குக்குத் தெரியும் என்று நம்பினார். நாளுக்கு நாள் கொச்சிக்காய் கூடிக்கொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு தட்டு வைத்தார். அதில் உறைப்பே இல்லை.

“உறைப்பு தெரியுதா?” என்று வழக்கம்போல் மனைவியிடம் கேட்டார்.

“தெரியுதுங்க. இன்னைக்குக் கொஞ்சம் கூடத்தான். பாவம், அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடுங்க.”

அவர் எழுந்து குசினிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“இன்னைக்குக் கறிமொளகாதாம்மா போட்டேன்,” என்றார் குழாயைத் திறந்தபடி. “அதுல உறைப்பு ஏது?”

திரும்பி வந்து, அந்த அம்மா பார்க்க, அவர் தந்த தண்ணீரை முழுவதும் குடித்தேன்.

மறுநாள் மத்தியானம் என் அறைக்கு அவர் குரல் கேட்டது.

“உறைப்பு தெரியுதா?”