எண்ணெய்க் கையெழுத்து

ஃபேக்ஸ் கடையில் சுருண்டு விழுந்த தாளை விரித்துப் பிடித்தபோது கடையே ஒரு சாண் மேலே எழும்பியது போலிருந்தது. ஜெர்மனியில் ஒரு கல்லூரி. அவர்களுடைய ஆசிரியர் ஒருவர் பாளையங்கோட்டைக்கு வருவார். பதிலுக்கு நான் அங்கே ஆறு மாதம். ஆனால் எங்கள் முதல்வரின் சம்மதக் கடிதம், கையெழுத்தும் முத்திரையுமாக, அன்று மாலை மூன்றரைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு யாருக்கோ.

முதல்வர் விடுப்பில் இருந்தார். சாரல் காலத்தில் விடுப்பென்றால் குற்றாலம்தான். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கல்லூரி முத்திரையை வாசல் தாண்ட விடாமல் காத்து வந்தவர் தலைமை எழுத்தர் அண்ணாச்சி. கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்து என் முகத்தைப் பார்த்தார். முத்திரையையும் மைப்பெட்டியையும் துண்டில் முடிந்தார்.

"சீலு தனியாப் போவாது சார். நானும் வாரேன்."

தென்காசி பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. பாவூர்சத்திரம் தாண்டியதும் மலை கிட்டே வந்தது, காற்று வந்தது, சாரல் சன்னல் வழியே ஏறி டிக்கெட் வாங்காமல் எங்களோடு பயணம் செய்தது.

குற்றாலம் பேரருவியில் ஓர் ஊரே இடுப்புத் துண்டோடு நின்றது. கோட்டும் டையுமாக மட்டுமே பார்த்திருந்த மனிதரை, எண்ணெய் வழியும் இத்தனை முதுகுகளில் எப்படிக் கண்டுபிடிப்பது?

"அந்தா, கையப் பின்னால கட்டிட்டு நடக்காரு பாருங்க," என்றார் அண்ணாச்சி. "பரீட்சை ஹாலுக்குள்ள நடக்காப்புல."

அவரேதான். உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய்.

"ஏம்வே, இங்கனயும் வந்துட்டீரா?" என்றார் முதல்வர். விஷயத்தைச் சொன்னேன். "ஜெர்மனியா? நம்ம காலேஜ்லேருந்தா? பேனாவக் கொடும்வே!"

பேனா அவர் விரல்களில் மீனாய் வழுக்கியது. அண்ணாச்சி குனிந்து முதுகைக் கொடுத்தார். இடக்கையால் தாளை அமுக்கி முதல்வர் கையெழுத்துப் போட்டார். அமுக்கிய இடத்தில் ஐந்து விரல்களும் கண்ணாடியாய்ப் பதிந்தன. முத்திரை விழுந்த நொடியில் அருவி ஒரு வீச்சு வீசியது. தாள் நனைந்த கீரையாகத் துவண்டது.

தென்காசி ஃபேக்ஸ் கடைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஈரமா இருக்கு. மெசினு மென்னுரும்."

மணி மூன்று. பக்கத்தில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடை. அண்ணாச்சி யாரையும் கேட்கவில்லை. கொதிக்கும் சட்டிக்கு மேலே தாளைப் பிடித்து, பைய, பைய என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அப்பளம்போலக் காட்டினார்.

"என்னவே வறுக்கீரு?" என்று சத்தம் போட்டார் சிப்ஸ் கடைக்காரர்.

"சாரோட ஜெர்மனிய."

மூன்று இருபத்தைந்துக்குத் தாள் இயந்திரத்துக்குள் போனது. கால் மணி நேரத்தில் பதில் சுருண்டு வந்தது. நடுவிலுள்ள கறை என்னவென்று புரியவில்லை, கையெழுத்தும் முத்திரையும் தெரிகின்றன, வாருங்கள்.

அண்ணாச்சி என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கினார். முதல் முறையாக என்னை மரியாதையில்லாமல் கூப்பிட்டார்: "ஏலே, ஜெர்மனிக்குப் போறலே!"

தெருவுக்கு ஓடி, நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறினோம். செங்கோட்டை போகும் பஸ், எங்கள் ஊருக்கு நேர் எதிர்த்திசை. பாதி தூரம் போன பிறகுதான் கண்டக்டர் சொன்னார். இருவருக்கும் இறங்கத் தோன்றவில்லை.