மஞ்சளைக் குறைத்தவர்

எங்கள் ஸ்டூடியோவில் படங்களுக்கு நிறம் திருத்துகிறவருக்கு 'பர்சன்ட் அண்ணன்' என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். டீ வந்தால்கூட, "சிவப்பு அஞ்சு பர்சன்ட் தூக்கல்" என்பார். எல்லாம் ஒரு புத்தகம் செய்த வேலை. செங்கல் கனம், தலைகீழாக நின்றாலும் புரியாத எழுத்து. மனுஷன் விடாக்கண்டன். ஒரே பக்கத்தை நாலைந்து நாள் மென்று விழுங்கிவிட்டுத்தான் அடுத்ததைத் திருப்புவார்.

புத்தகம் சொன்னது இதுதான்: கண்ணை நம்பாதே, கண் எதற்கும் பழகிவிடும்; கம்ப்யூட்டர் காட்டும் எண்ணை நம்பு. படத்தில் வெள்ளையான ஒன்றைப் பிடி. அதில் ஏதாவது ஒரு நிறம் மிஞ்சி நின்றால் அதைக் குறை, முழுப் படமும் சரியாகிவிடும்.

பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே. அண்ணிதான் அகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜன்னலோரம் உட்காரவைத்துப் படமெடுத்து, அண்ணியின் கண்ணிலுள்ள வெள்ளையைப் பிடித்துத் திருத்துவார். மறுநாள் எங்களிடம் காட்டுவார். அச்சு அசல் அண்ணி. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு படங்கள் மஞ்சளடிக்க ஆரம்பித்தன. பல்பை மாற்றினார். திரைச்சீலையைக் கழற்றினார். நான் இரவல் கொடுத்த கேமராவைத் திட்டினார். வாரத்துக்கு வாரம் மஞ்சள் கூடியது. இவரும் விடாமல் குறைத்துக்கொண்டே வந்தார்.

"ஏங்க, கண்ணாடியிலயும் எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது. உடம்பும் ஒரே அசதியா இருக்கு" என்றாராம் அண்ணி ஒருநாள்.

"கண்ணை நம்பாதன்னு எத்தனை தடவ சொல்றது? இங்க பாரு, எவ்வளவு நல்லா இருக்க!" என்று திருத்திய படத்தைக் காட்டியிருக்கிறார். அண்ணியும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. புத்தகத்தின் மேலா, அவர் மேலா, தெரியவில்லை.

வெளியூரிலிருந்து வந்த அண்ணியின் தங்கை வாசலிலேயே அலறிவிட்டாள். "என்னக்கா, கண்ணு ரெண்டும் இப்படி மஞ்சப் பூத்துக் கிடக்கு!"

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈரல் கெட்டு, விஷயம் கைமீறிப் போயிருந்தது. அண்ணி அங்கிருந்து வீடு திரும்பவில்லை.

சேர்த்த அன்று டாக்டர் கேட்டார்: "இந்த மஞ்சள் எப்பலேருந்து இருக்கு?"

வேறு எந்தப் புருஷனாலும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. முதல் வாரம் எவ்வளவு, அடுத்த வாரம் எவ்வளவு என்று அண்ணன் எண்ணோடு ஒப்பித்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவு தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சும்மா இல்ல டாக்டர்" என்றார் அண்ணன். "வாராவாரம் சரி பண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."