ஒற்றைக் கைக்குச் செய்த குச்சி

ஷிபின் வெட்டியது தம்பி பெனிஷின் இடது கையை. காரணத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். மழைத்தண்ணீர். அண்ணன் தோட்டத்துத் தண்ணீர் தம்பி முற்றத்தில் பாய்ந்தது. தம்பி மண்சாக்கை வைத்து அடைத்தான். அண்ணன் வெட்டுகத்தியோடு வந்து சாக்கைக் கிழித்தான். அடுத்த வெட்டு, சாக்கைப் பிடித்திருந்த மணிக்கட்டில் விழுந்தது. நான் ஓடிப்போனபோது கை தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் கலந்த தண்ணீரும் பெனிஷின் முற்றத்துக்குள்தான் பாய்ந்தது.

எனக்கு அருமனையில் லேத் பட்டறை. பெனிஷ் என் பக்கத்து வீட்டுக்காரன், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். அந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து மொட்டைக் கையோடு வந்து வீட்டில் உட்கார்ந்தவன் ஒரே பேச்சைத்தான் பேசினான்.

"அவனக் கொல்லணும், தாசண்ணா."

கத்திச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கஞ்சி கேட்கிற குரலில் சொன்னான்.

ஷிபின் ஜாமீனில் வந்த அன்றே பெனிஷின் மனைவி ரெஜிலா வீட்டிலிருந்த கத்தி, அரிவாள், பால்வெட்டும் கத்தி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி என் வீட்டில் போட்டாள். "இது இஞ்ச இருக்கட்டும் அண்ணா. ஒரு கத்தி கண்ணுல பட்டா இவரு அவனக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போவாரு." அதிலிருந்து சாளை மீன் வாங்கினாலும் வெட்ட எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அடுக்களை மீன்சந்தை ஆகிவிட்டது என்று என் மனைவி முணுமுணுத்தாள்.

பெனிஷ் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரு சண்டை விளையாட்டு. ஒரு கையால் ஆளை நடத்த வேண்டும், மறு கையால் துப்பாக்கியைத் திருப்ப வேண்டும். எதிரே வருகிற ஒவ்வொருவனுக்கும் பெனிஷ் வைத்த பெயர் ஷிபின்.

"நடந்தா சுட முடியல்ல, சுட்டா நடக்க முடியல்ல. செத்துச் செத்து விழுதேன் அண்ணா. அங்கயும் அவன்தான் ஜெயிக்கான்."

திரையில் கொல்லட்டும், தரையில் கொல்லாமல் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

வடசேரியில் முன்பு ஒரு கேம் கடையில் திருகும் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்திருப்பதாக அவன்தான் சொன்னான். சாய்த்தால் ஆள் நடப்பான், திருகினால் துப்பாக்கி திரும்பும். எல்லாம் ஒரே கையில். அது இப்போது எங்கும் கிடைக்கவில்லை. சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்றை வரவழைத்தான். அது சாயும், திருகாது. அதன் தண்டைக் கழற்றி, உள்ளே தடையில்லாமல் சுழலும்படி நான் லேத்தில் கடைந்து கொடுத்தேன். தண்டின் அடியில், திருகத் திருக 'டிக் டிக்' என்று நின்று நின்று சுழலும் சுவிட்சை மாட்டினோம். முதல் நாளே கெட்டது. தண்டோடு சேர்ந்து சுவிட்சும் சுற்றி, வயர்கள் முறுக்கி அறுந்தன. சுவிட்ச் தண்டோடு சாய வேண்டும், ஆனால் சுற்றக் கூடாது. நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். பெனிஷ் ரப்பர் மரத்தில் பால் சிரட்டையைத் தாங்கும் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் ஒரு முனையைச் சுவிட்சில் இறுக்கி, மறு முனையை ஜாய்ஸ்டிக் பெட்டியில் போட்ட நீளமான ஒரு துளையில் விட்டோம். சரியாக நின்றது.

அடுத்த தொல்லை, பெட்டி வழுக்கியது. அழுத்திப் பிடிக்க இடது கை இல்லையே. மயிலாடியில் சிலை கொத்துகிற பொன்னுலிங்கத்திடம் போனோம். கல்லைக் குடைந்து அதற்குள் பெட்டியை இறக்கச் சொன்னான் பெனிஷ். "ஒத்தக் கையால அசைக்கவே முடியக் கூடாது" என்றும் சொன்னான். ஆட்டுரல் கனத்தில் வந்தது அந்தக் கல். நாலு பேர் தூக்கித் தாழ்ந்த பலகை மேல் வைத்தோம்.

பிறகு பகல் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம்தான். கொன்றுகொண்டே இருந்தான். ஆனால் சோறு தின்றான், தூங்கினான். ரெஜிலாவின் முகமும் கொஞ்சம் தெளிந்தது.

ஒரு மத்தியானம், கல்லில் ஆடிய பெட்டிக்கு நான் ஆப்பு வைத்துக்கொண்டிருந்தபோது ஷிபின் உள்ளே வந்தான். குடித்திருந்தான்.

"ஏலே, கோர்ட்டுல கை தவறிப் பட்டதுன்னு சொல்லிரு."

பெனிஷ் திரும்பவில்லை. திருகினான், சுட்டான். ஷிபின் திரையை ஒரே உதையில் உடைத்தான். தடுக்க வந்த ரெஜிலாவைப் பிடித்துத் தள்ளினான். அவள் நெற்றி நிலைப்படியில் மோதிப் பிளந்தது.

பெனிஷ் எழுந்ததை நான் பார்க்கவில்லை. தலையால் முட்டியதில் ஷிபினின் மூக்கு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. விலக்கப் போன எனக்கு யாருடைய முழங்கையோ வாயில் பட்டு ஒரு பல் போனது. நிமிர்ந்தபோது ஷிபின் பலகையோரம் மல்லாந்து கிடந்தான். தம்பியின் முழங்கால் அவன் நெஞ்சில்.

"ரெஜி, கத்தி எங்கட்டி?"

அவள் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவன் கண் வீட்டைச் சுற்றிவந்து கல்லில் நின்றது. கீழே அண்ணன் தலை. ஒற்றைக் கையால் கல்லைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மொட்டைக் கையை அடியில் கொடுத்து நெம்பினான். தோல் கிழிந்து கல்லெல்லாம் ரத்தம். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஷிபின் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அம்மா பெயரைச் சொல்லி அழுதான்.

மூச்சு முட்டி பெனிஷ் கையை எடுத்தான்.

"அந்தக் கைய நீ வெட்டாம விட்டிருந்தா, இன்னைக்கு நீ செத்திருப்ப அண்ணா."

வெட்டு விழுந்த நாளுக்குப் பிறகு அவன் ஷிபினை அண்ணா என்று கூப்பிட்டது அப்போதுதான். ஷிபின் எழுந்து, தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாதவனாக வெளியே போனான்.

கோர்ட்டில் பெனிஷ் நடந்ததை நடந்தபடி சொன்னான். ஷிபின் மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் ரெஜிலா வந்து, இனிப் பயமில்லை, கத்திச் சாக்கைத் தாருங்கள் என்றாள். எனக்குப் பல் போன இடம் இன்னும் வலித்தது.

"கல்லு கனமா இருந்துது, அவன் பிழைச்சான். கத்திக்கு அந்தக் கனம் இல்ல மக்கா. நீ மீன இஞ்ச வந்தே வெட்டு" என்றேன்.