ஒல்லி உடம்பில் ஏறிய கொழுப்பு

நீலகிரியில் தேவர்சோலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்கும் வேலை. பெல்ட்டில் கூடுதலாக இரண்டு துளை போட்டால்தான் பேண்ட் இடுப்பில் நிற்கும். என் மனைவி கொஞ்சம் பருத்தவள். கல்யாணமான நாளிலிருந்தே அவள் தட்டின் மேல் எனக்கு ஒரு கண். "எண்ணெயக் கொறச்சா என்ன?" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஃபேக்டரியில் நடந்த மருத்துவ முகாமில் இருவரும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ரத்தத்தில் கொழுப்பு அளவுக்கு மேல் என்று சிவப்பில் அச்சாகியிருந்தது.

"ஏனுங்க, ரெண்டு பேரு ரிப்போர்ட்டும் மாறிருக்குமுங்களா?" என்று அவளே கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். வெறும் வயிற்றோடு கூடலூர் லேபுக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்தேன். அங்கிருந்த பெண் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். தெளிந்து மஞ்சளாக நிற்க வேண்டிய மேல்பகுதி, பால் கலந்த தண்ணீர்போல வெளுத்துக் கிடந்தது. "இது முழுக்கக் கொழுப்புங்க சார்" என்றாள். என் உடம்புக்குள் இது எந்த வழியாக வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

டாக்டரைப் பார்க்காமல் நானே வைத்தியம் ஆரம்பித்தேன். தாளிப்பு, தேங்காய், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டேன். பசித்தால் டீயும், பேக்கரியில் விற்கும் மொறுமொறுப்பான வர்க்கியும். இரண்டு மாதத்தில் தோல் செதில் செதிலாக உரிந்தது. மலையேறும்போது கால் துவண்டது. மறுபடி சோதித்தால் கொழுப்பு முன்னைவிடக் கூடியிருந்தது.

அதற்குப் பிறகுதான் இருவரும் டாக்டரிடம் போனோம்.

"ஒரு நாளைக்கு எத்தன டீ குடிப்பீங்க?"

"எட்டு இருக்குங்க."

"சக்கர?"

நான் அவள் பக்கம் திரும்பினேன். "மூணு ஸ்பூனுங்க" என்றாள் அவள்.

தேவைக்கு மேல் போகும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது என்றார் டாக்டர். வர்க்கியில் இருப்பதும் வனஸ்பதிதானாம். "கொழுப்பே இல்லாமயும் இருக்க முடியாதுங்க. உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் சுவரு அதுதான். மூளை, நரம்பு, ஹார்மோன் எல்லாத்துக்கும் வேணும். சில கொழுப்ப உடம்பால செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுலதான் வரணும். மத்தி மீன் சாப்பிடுங்க."

"கொழுப்பு கூடியிருக்குது, கொழுப்பு மீனத் தின்னச் சொல்றீங்களே?"

அவர் சிரித்தார். மத்தியில் இருப்பது வேறு வகைக் கொழுப்பு, ரத்தத்தில் ஏறிய கொழுப்பை அது குறைக்கும் என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினார். தலையாட்டினேன், பாதிதான் விளங்கியது. தோல் உரிந்தது பட்டினியாலா, பனியாலா என்று கேட்டதற்கு, இரண்டுமாக இருக்கலாம் என்றார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடைசியில், "உன்னய இத்தன வருசம் சொன்னது தப்புத்தான்" என்றேன்.

"எல்லார் முன்னாலயும் சொன்னீங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அது அவளை அத்தனை வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது சர்க்கரை இல்லாத டீ. கேரளாவிலிருந்து வரும் மத்தியை வாரம் இரண்டு நாள் நானே வாங்கி, நானே கழுவி வைக்கிறேன். ரத்தத்தில் கொழுப்பு அளவு பாதிக்கு இறங்கியிருக்கிறது. எது நல்ல கொழுப்பு, எது கெட்டது என்று எஸ்டேட்டில் யாராவது கேட்டால் இன்றும் எனக்கு நாக்கு குழறுகிறது. அடுத்தவர் தட்டை மட்டும் நான் பார்ப்பதில்லை.