முப்பத்து நான்கு

சக ஆசிரியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஒருமை வாத்தியார். ‘எவ்ரிபடி’ என்றால் ஊரே திரண்டு நின்றாலும் இங்கிலீஷ் இலக்கணத்துக்கு அது ஒற்றை ஆள்தான், பின்னால் ‘இஸ்’தான் வரும் என்று இருபத்திரண்டு வருடமாகத் தொண்டை வறளச் சொன்னவர். பரம்பரையிலேயே முதல் பட்டம் அவருடையது. அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு பயமும் குடியிருந்தது: நாலு பேர் நடுவில் எவனாவது ‘தப்பு’ என்று சொல்லிவிட்டால்?

அந்த வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமில், முதல் நாள் காலை, தலைமைத் தேர்வாளர் விடைக்குறிப்பை வாசித்தார். பதினான்காம் கேள்வி ‘எவரும் இல்லை’ என்று பொருள்படும் ‘நன்’ என்ற சொல்லைப் பற்றியது. விடை ‘இஸ்’ மட்டும் என்றார். அந்த ஒரு சொல்லுக்கு ‘இஸ்’, ‘ஆர்’ இரண்டும் சரி. ஒருமை வாத்தியாருக்குத் தெரியாததா? கூடத்தில் அறுபது இங்கிலீஷ் ஆசிரியர்கள். வேறு யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டார். அறுபது பேரும் அப்படியே இருந்தார்கள்.

தனக்கு வந்த விடைத்தாள் கட்டுகளில் மட்டும் சத்தமில்லாமல் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டார். மூன்றாம் நாள், சோதித்துப் பார்க்கத் தலைமைத் தேர்வாளர் உருவிய தாளில் பதினாலுக்கு விடை ‘ஆர்’, மொத்தம் முப்பத்தைந்து. தேர்ச்சிக்கு வேண்டியதும் அதுவே.

“பதினாலுக்கு எப்படி சார் மார்க் போட்டீங்க?”

“அதுவும் சரிதான் சார்.”

“சரியா தப்பான்னா கேட்டேன்? குறிப்புல இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப மொத நாளே வாயத் தொறந்திருக்கணும். இப்ப மாத்தணும்னா அத்தன கட்டையும் பிரிச்சு முதல்லேர்ந்து பாக்கணும். பிரிச்சிடலாமா? உங்க பேரப் போட்டே மேலிடத்துக்கு எழுதிடறேன்.”

கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து இருக்கை கண்ணாடி டீச்சர் குரலைத் தாழ்த்தி, “சார், புண்ணியமாப் போகும், விட்டுடுங்க. நாளைக்கு நான் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கேன்” என்றார்.

“வேணாம் சார்” என்றார் ஒருமை வாத்தியார்.

இடப்பக்கமாகச் சாய்ந்த எழுத்தில் இருந்த கட்டுரைப் பக்கத்தை இரண்டு முறை புரட்டினார், வேறெங்காவது ஒரு மதிப்பெண் ஒளிந்திருக்காதா என்று. தலைமைத் தேர்வாளர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். ஒருமை வாத்தியார் முப்பத்தைந்தை அடித்து முப்பத்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். கை நடுங்கக்கூட இல்லை. பிறகு அவரை அரித்தது அதுதான்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரிடம் விஷயத்தைக் கறந்துவிட்டாள் மனைவி.

“என் தங்கச்சி போன்ல பேசுற இங்கிலீஷக்கூடப் பக்கத்துல நின்னு திருத்துவீங்க. அங்க மட்டும் வாய்க்குப் பூட்டா?”

“அறுபது பேரு இருந்தாங்கடி.”

“இருந்தா என்ன? தெரிஞ்சவரு நீங்கதானே?”

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

அடுத்த வருடம் அதே கூடம், அதே தலைமைத் தேர்வாளர். இம்முறையும் ‘நன்’ வந்தது, ஒற்றை விடையோடு. ஒருமை வாத்தியார் எழுந்தார்.

“சார், அதுக்கு ‘ஆர்’ போட்டாலும் சரி. ரெண்டையும் ஏத்துக்கணும்.”

தலைமைத் தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். “ஆமால்ல. எழுதிக்கங்க எல்லாரும், ரெண்டும் சரி. அடுத்தது பதினாறு.”

“இவ்ளோதானா சார்?” என்று ஒருமை வாத்தியாரிடம் கேட்டார் கண்ணாடி டீச்சர்.

“இவ்ளோதான் டீச்சர்.”

உட்கார்ந்தவருக்குப் போன வருடம் முப்பத்து நான்கு போட்ட தாள் நினைவுக்கு வந்தது. அதில் பெயர் கிடையாது. எண்ணும் மறந்து போயிற்று. இடப்பக்கமாகச் சாய்ந்த அந்த எழுத்து மட்டும் கண்ணிலேயே நின்றது. அந்தப் பிள்ளை மறுபடி எழுதியிருந்தால் தாள் இந்தக் கூடத்துக்கு வந்திருக்கலாம். ஒவ்வொரு கட்டைப் பிரித்ததும் எண்ணைக்கூடப் பார்க்காமல் எழுத்தைத் தேடினார். ஐந்து நாளும் தேடினார். நிமிர்ந்த எழுத்து வந்தது, வலப்பக்கம் சாய்ந்தது வந்தது, கோழி கிளறியது வந்தது. அது வரவில்லை.